மீட்கப் போன மாவீரன்

வீரன் யார்?

வாளெடுத்தவனெல்லாம் வீரனா? கோட்டையைப் பிடித்தவன், கொடியை நாட்டியவன், கொன்று குவித்த தலைகளை எண்ணிப் பார்த்துக் களித்தவன், இவர்களைத்தான் வரலாற்று ஏடுகள் வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது அவர்கள் பெயரை. தேர்விலே எழுதுவது அவர்கள் வென்ற ஆண்டை. ஆனால், தமிழன் யாருக்குக் கல் நட்டான் என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! அங்கே வேறு விடை கிடைக்கும்.

அந்த விடையைத் தேடி ஓசூர்த் தோழரும் கிருஷ்ணகிரித் தோழரும் நெடுந்தூரம் போகவேண்டாம். தங்கள் மாவட்டத்து ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடந்தால் போதும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் வாசல்படி ஏறினால் போதும். நடுகற்கள் நிற்கின்றன! தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களின் நாடு. அவற்றிலே பல, மன்னனுக்கு எடுத்தவை அல்ல. ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போன கூட்டத்தைத் துரத்திச் சென்று, மாடுகளை மீட்டு, மீட்ட இடத்திலேயே அம்பு தைத்து வீழ்ந்தானே ஊர்க்காரன் ஒருவன், அவனுக்கு எடுத்தவை. மீட்டுப் பட்டான் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். பட்டான் என்றால் வீழ்ந்தான் என்று பொருள். எவ்வளவு பிடித்தான் என்று அந்தக் கல் கணக்குச் சொல்லாது. மீட்டான் என்று மட்டும் சொல்லும். அதுதான் அவன் பெருமை. அதுவே அவன் ஊரின் பெருமை.

அந்த மரபிலே வந்தான் ஒரு தமிழன், நம் தாத்தாக்கள் காலத்திலே. அவன் மீட்கப் போனது மாடுகளை அல்ல, மனிதர்களை. காயம்பட்டுக் கிடந்த தன் தோழர்களை. அவன் வீழ்ந்த இடம் தமிழகத்திலே இல்லை, இந்தியாவிலேயே இல்லை. கடல் பல கடந்து இத்தாலி நாட்டிலே, மிக்னானோ என்னும் ஊரருகே, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் அவன் வீழ்ந்தான்.

சுபேதார் சுப்பிரமணியன் அவன் பெயர்.

காஞ்சி மண்ணின் பிள்ளை

காஞ்சிபுரத்துக்கு அருகே கீழ் ஒட்டிவாக்கம் என்றொரு சிற்றூர். அன்று அது செங்கற்பட்டு மாவட்டம். ஏரியை நம்பி வாழும் ஊர்கள் நிறைந்த வட்டாரம். தறியும் ஏரும் ஒருங்கே ஓடிய காஞ்சிப் பகுதி. அறிஞர் அண்ணாவை நாட்டுக்குத் தந்த அதே காஞ்சி மண்தான் இந்த வீரனையும் தந்தது.

சுப்பிரமணியன் என்றதும் வேலும் மயிலும் நினைவுக்கு வருமே சிலருக்கு! சூரனை வென்ற கதையை விடிய விடியச் சொல்வார்கள். இந்தச் சுப்பிரமணியன் கையிலே வேல் இல்லை, ஏறி வர மயிலும் இல்லை. காலிலே பூட்ஸ், இடுப்பிலே பட்டை, உடன் வந்தவன் கையிலே கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவி. அவ்வளவுதான். ஆனாலும் புராணத்துச் சுப்பிரமணியன் செய்யாத செயலை இந்த ஊர்ச் சுப்பிரமணியன் செய்தான். அதற்கு ஆதாரம் தலபுராணத்திலே இல்லை, அரசாங்கத்தின் பதிவேட்டிலே இருக்கிறது.

அடுத்த வீட்டுப் படை

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் தோழர்கள் அல்சூர் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரிக்கு அருகே நெடுங்காலமாக ஒரு படையின் தலைமையகம் இருக்கிறது. சென்னை சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற படை அது. 1780-ஆம் ஆண்டு சென்னைப் பயனீர்கள் என்று தொடங்கப்பட்டது. இன்று சென்னைப் பொறியாளர் படை என்று அழைக்கப்படுகிறது. பெங்களூரிலே இருந்தாலும் பெயரிலே சென்னை! எல்லைக்கோடு இப்புறமோ அப்புறமோ, பெயர் மாறவில்லை.

அந்தப் படையின் சிப்பாயை இராணுவத்திலே எப்படி அழைப்பார்கள் தெரியுமா? தம்பி என்று அழைப்பார்கள். வடக்கே இருந்து வந்த அதிகாரியும், வெள்ளைக்கார அதிகாரியும், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவனும் தம்பி என்றே அழைத்தான். அண்ணா மடல் எழுதி நம்மையெல்லாம் தம்பி என்று அழைப்பதற்கு முன்பே அந்தச் சொல் படை முகாமிலே வீர முழக்கமாக இருந்தது.

சாப்பர் என்பவன் யார்? துப்பாக்கி ஏந்திய தொழிலாளி. தச்சன், கொல்லன், கொத்தன், பிட்டர், வண்டி பழுது பார்ப்பவன் எல்லாம் அங்கே உண்டு. ஆறு குறுக்கிட்டால் பாலம் போடுவான். பாதை இல்லாத மலையிலே பாதை வெட்டுவான். பகைவன் முள்கம்பி வேலி போட்டிருந்தால் அதைத் தகர்ப்பான். வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ என்ற நீண்ட குழாய் வெடியை 1912-லே உருவாக்கியது இந்தப் படைதான். பிறகு உலகப் படைகள் பலவும் அதைக் கையாண்டன, பெங்களூரின் பெயரைச் சொல்லியே கையாண்டன!

சுப்பிரமணியன் இருந்தது பதினோராவது பீல்டு பார்க் கம்பெனி. அதைப் போர்க்களத்துக்கு நடந்து போகும் பட்டறை என்று சொல்லலாம். மரமும் இரும்பும் கருவியும் தளவாடமும் அதன் பொறுப்பு. ஓசூர் சிப்காட்டிலே லேத்துக்கு முன்னே நிற்கும் தோழனே, பிரஸ் ஷாப்பிலே வேர்வை சிந்தும் தோழனே! அந்த வீரன் உன் இனம், உழைப்பாளி இனம். அந்தப் படையிலே படிப்படியாக உயர்ந்து, சுபேதார் என்னும் பொறுப்புக்கு அவர் வந்திருந்தார். சிப்பாய்க்கும் வெள்ளை அதிகாரிக்கும் இடையே நின்று, சிப்பாயின் மொழியிலே பேசி, சிப்பாயின் பசியையும் பயத்தையும் அறிந்து, அவனை நடத்திச் செல்லும் பொறுப்பு அது.

தெற்கத்தியான் என்றார்கள்

இங்கே ஒரு பழியை நினைவூட்டவேண்டும், தோழர்களே.

தெற்கே இருப்பவன் போருக்கு லாயக்கற்றவன் என்று சொன்னார்கள். 1880-களிலே சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்து, பின்னர் இந்தியப் படைக்கே தலைமை ஏற்ற ராபர்ட்ஸ் பிரபு இந்தக் கருத்தைப் பரப்பியவர்களிலே முதல்வர். போர்ச்சாதி என்றும், போருக்காகாத சாதி என்றும் மனிதர்களைப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பிறப்பிலே உயர்வு தாழ்வு சொல்லும் பழைய நோய் இங்கே ஏற்கெனவே இருந்ததல்லவா? அந்த நோய்க்கு இராணுவச் சட்டை மாட்டிவிட்டார்கள்! வெள்ளைக்காரனின் ஆட்சிக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்ததே சென்னைப் படைதான். அந்தப் படையின் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஆள் போதவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் சென்னை ரெஜிமெண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

சாப்பர் படையை மட்டும் கலைக்க முடியவில்லை. ஏன்? பாலம் கட்டத் தெரிந்தவனை எந்தப் பட்டியலைக் காட்டி வெளியேற்றுவது? தொழில் தெரிந்தவனின் கை அவனைக் காப்பாற்றியது. தமிழன், தெலுங்கன், கன்னடன், மலையாளி, இந்து, முஸ்லிம், கிறித்தவன், ஊர்க்காரன், சேரிக்காரன் எல்லோரையும் கலந்து வளர்ந்த படை அது. ஊரிலே ஒரே கிணற்றில் நீர் மொள்ள முடியாதவர்கள், அங்கே ஒரே பாலத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

பழி சொன்னவர்களுக்குப் பதில் மேடையிலே சொல்லப்படவில்லை. இத்தாலியிலே, ஒரு கண்ணிவெடி வயலிலே சொல்லப்பட்டது.

கேளாமல் வந்த போர்

1939 செப்டம்பர் 3-ஆம் நாள் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இந்திய மக்களின் பிரதிநிதிகள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் தொடுத்த போருக்கு இருபத்தைந்து இலட்சம் பேர் வரையில் படையிலே சேர்ந்தார்கள். வயிற்றுக்காகச் சேர்ந்தவன் உண்டு, வழிவழியாகச் சேர்ந்தவன் உண்டு, பாசிசத்தை வீழ்த்த வேண்டும் என்று எண்ணிச் சேர்ந்தவனும் உண்டு. இத்தாலி மண்ணிலே மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள்.

1944-ஆம் ஆண்டின் தொடக்கம். உரோம் நகருக்குப் போகும் பாதையைக் காசினோ மலை மறித்து நிற்கிறது. மலையிலே ஜெர்மானியர், கீழே நேச நாட்டுப் படைகள். நான்காவது இந்திய டிவிஷன் அங்கே போரிடுகிறது. பிப்ரவரி 15-ஆம் நாள் மலை உச்சியிலிருந்த பழமையான மடாலயம் குண்டு வீச்சிலே நொறுங்கியது. மழை, சேறு, எலும்பைத் துளைக்கும் குளிர். காசினோவுக்குத் தெற்கே உள்ளது மிக்னானோ. சில வாரங்களுக்கு முன்பு அங்கே கடும் போர் நடந்திருந்தது. ஜெர்மானியன் பின்வாங்கினான். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. மண்ணுக்குள்ளே மரணத்தை விதைத்துவிட்டுப் போனான்.

அந்த விதையிலே ஒன்று குதிக்கும் கண்ணி. அதன் கொடுமையைக் கேளுங்கள். காலடி பட்டதும் அது உடனே வெடிக்காது. சிறிதாக ஓர் ஓசை கேட்கும். பிறகு ஏறத்தாழ நான்கு நொடி அமைதி. அதற்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குப்பி இடுப்பளவு உயரம் எழும்பி வெடிக்கும். அதனுள்ளே அடைத்திருக்கும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுமணிகள் நாலாபுறமும் பாயும். மிதித்தவனை மட்டும் கொல்வது அதன் நோக்கமல்ல. அவனைச் சுற்றி நிற்பவர்களையும், அவனைத் தூக்க ஓடி வருபவர்களையும் சேர்த்து வீழ்த்துவதற்கென்றே செய்தது. மனிதனின் மூளை மனிதனைக் கொல்ல எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது, பாருங்கள்!

நான்கு நொடி

பிப்ரவரி 24. கண்ணி வயலுக்குள்ளே காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். ஓடிப்போய்த் தூக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வோர் அடியும் அடுத்த சாவாக இருக்கலாம். முதலில் வழி செய்யவேண்டும். வழி செய்வதுதானே சாப்பரின் தொழில்? சுபேதார் சுப்பிரமணியன் தம் ஆட்களோடு இறங்கினார்.

இந்த வேலை எப்படி நடக்கும்? முன்னே ஒருவன் காதிலே ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு, நீண்ட கோலின் முனையிலுள்ள தட்டைத் தரையோடு தரையாக இப்புறமும் அப்புறமும் ஆட்டிக்கொண்டே அடி அடியாக நகர்வான். இரும்பு இருந்தால் காதிலே ஓசை மாறும். மரப்பெட்டியிலே செய்த கண்ணிகளும் உண்டு. அவற்றைக் கருவியால் உணர முடியாது. மண்டியிட்டுத் துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பின்னே வருபவன் வெள்ளை நாடா விரித்து, பார்த்து முடித்த வழிக்கு எல்லை குறிப்பான். அதற்கும் பின்னே தூக்குக் கட்டிலோடு தோழர்கள். ஒரு முழ நிலத்துக்கு ஓர் ஆயுள் செலவாகும் வேலை.

அன்று கருவி பிடித்து முன்னே போனவர் ஒரு லான்ஸ் நாயக். அவரை அடுத்துச் சுபேதார். பின்னே மற்றவர்கள். தெரிந்த அளவு எச்சரிக்கை, பழகிய அளவு நிதானம். இருந்தும் ஒரு கண்ணி மிதிபட்டது. மண்ணுக்குள்ளே அந்தச் சிறிய ஓசை கேட்டது.

நான்கு நொடி! நான்கு நொடியிலே என்ன செய்ய முடியும், தோழனே? ஒரு பீடியைப் பற்றவைக்க முடியுமா? வீட்டை நினைக்க முடியுமா? பெற்றவளின் முகத்தை ஒருமுறை மனக்கண் முன்னே கொண்டுவர முடியுமா?

அந்த ஓசை எதன் ஓசை என்று சுப்பிரமணியனுக்குத் தெரியும். அடுத்து எத்தனை நொடி என்பதும் தெரியும். அது அவர் தொழில். குப்பி எழும்பினால் யார் யார் வீழ்வார்கள் என்பதும் தெரியும். அறியாமையால் ஒருவன் ஆபத்திலே விழுந்தால் பரிதாபம் என்போம். ஆத்திரத்தால் விழுந்தால் துணிச்சல் என்போம். முழுதும் அறிந்து, முடிவைத் தெரிந்து, தன் உடலைக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? தமிழிலே வீரம் என்று பெயர்.

சுப்பிரமணியன் அந்தக் கண்ணியின் மேல் பாய்ந்தார். தம் உடலால் அதை மூடினார். குப்பி எழும்பவேண்டிய இடத்திலே ஒரு மனிதன் கிடந்தான். எஃகு மணிகள் தோழர்களைத் தேடிப் போவதற்குள் அவர் மார்பு அவற்றை வாங்கிக்கொண்டது.

தோழர்கள் பிழைத்தார்கள். அவர் பட்டார்.

தங்கத்தை விடப் பெரியது

அந்த ஆண்டிலேயே அவருக்கு ஜார்ஜ் சிலுவை அறிவிக்கப்பட்டது. 1940 செப்டம்பரிலே, இலண்டன் நகரம் குண்டு வீச்சிலே எரிந்துகொண்டிருந்தபோது ஏற்படுத்திய விருது அது. பகைவனை எதிரே கண்டு போரிடும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை. பகைவன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலே, இடிபாட்டிலும் வெடியிலும் நெருப்பிலும் பிறரைக் காக்கக் காட்டும் வீரத்துக்கு ஜார்ஜ் சிலுவை. இரண்டும் நிகர். போர்க்களத்திலே அந்தச் சிலுவையை வென்ற முதல் இந்திய வீரர் என்று சுபேதார் சுப்பிரமணியனைப் போற்றுகிறார்கள். தெற்கத்தியானுக்கு வீரம் இல்லை என்றார்களே, அவர்களின் அரசாங்கமே தன் கையால் எழுதித் தந்த மறுப்பு இது!

வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம்தானே என்று யாரேனும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. மன்னனின் பெயர் பொறித்த வெள்ளிக்காக நாம் அவரைப் போற்றவில்லை. அவர் பாய்ந்தது மன்னனுக்காக என்று யார் சொன்னது? கிரீடம் அங்கே எங்கே இருந்தது? அவர் முன்னே ஒரு தோழன், பின்னே சில தோழர்கள், சற்றுத் தள்ளி முனகிக்கொண்டு கிடக்கும் காயம்பட்டவர்கள். அவர்களுக்காகப் பாய்ந்தார். நீ எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மொழி என்று கேட்க அவருக்கு நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

காயம்பட்டவனைத் தேடிப் போவது தமிழுக்குப் புதிதல்ல. நெடுநல்வாடை என்னும் சங்கப் பாட்டிலே பாண்டிய மன்னன், வாடைக்காற்று வீசும் நள்ளிரவிலே, பாசறையிலே புண்பட்டுக் கிடக்கும் வீரர்களைப் பார்க்கப் போகிறான். உலகமோ இதை 19-ஆம் நூற்றாண்டிலேதான் சட்டமாக்கியது. அதுவும் இத்தாலி மண்ணின் பாடம்தான். 1859-லே அங்கே சோல்பெரினோ போர்க்களத்திலே தண்ணீர் கொடுக்கவும் ஆளின்றிக் கிடந்த வீரர்களைக் கண்டு துடித்தார் ஹென்றி டூனாண்ட் என்ற வணிகர். அந்தத் துடிப்பிலே பிறந்தது செஞ்சிலுவை இயக்கம். 1864-லே ஜெனீவா உடன்படிக்கை வந்தது. எண்பத்தைந்து ஆண்டு கழித்து அதே நாட்டிலே, காயம்பட்டவர்களுக்கு வழி திறக்கப் போன தமிழன் வீழ்ந்தான்.

நமக்கு என்ன பாடம்?

எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பழங்கதை என்று மூடி வைத்துவிடலாமா? கண்ணிவெடி இன்றும் பழங்கதை ஆகவில்லை. ஈழ மண்ணிலே, 2009-லே போர் முடிந்த பிறகு, முகமாலையிலும் மற்ற இடங்களிலும் தமிழ்ப் பெண்கள் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகக் கண்ணி அகற்றினார்கள். கணவனைப் போரிலே பறிகொடுத்தவர்களும் அவர்களிலே உண்டு. சுப்பிரமணியன் செய்த அதே தொழில். ஊர்க்காரர் வீடு திரும்ப அவர்கள் வழி திறந்தார்கள்.

கண்ணி வயல் இல்லாத நம் ஊரிலும் மீட்கப் போனவன் சாகிறான், தோழர்களே. கழிவுநீர்த் தொட்டியிலே ஒருவன் இறங்குகிறான். நச்சுக்காற்று தாக்கிச் சாய்கிறான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குகிறான், அவனும் சாய்கிறான். மூன்றாமவன் கயிறுகூட இல்லாமல் குதிக்கிறான். மறுநாள் ஏட்டிலே மூன்று பிணங்கள் என்று ஒரு சிறு செய்தி. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லே ஒரு சட்டம், 2013-லே இன்னொரு சட்டம். சாவுக்கு முப்பது இலட்சம் இழப்பீடு என்று 2023-லே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு வந்தது, சாவு நின்றதா? அந்த இரண்டாவது மனிதனும் மூன்றாவது மனிதனும் சுப்பிரமணியனுக்கு எந்த விதத்திலே குறைந்தவர்கள்? அவர்களுக்கு எந்தச் சிலுவை, எந்தச் சிலை, எந்தக் கல்?

ஒரு வேறுபாடு உண்டு. அதை மறக்கக்கூடாது. சுப்பிரமணியன் கருவியோடு போனார், பயிற்சியோடு போனார், முறைப்படி வழி அளந்து போனார். எல்லாம் செய்தும் மீறி வந்த சாவை மார்பிலே ஏற்றார். அது தியாகம். முகமூடி கொடுக்காமல், கயிறு கொடுக்காமல், காற்றைச் சோதிக்காமல் ஓர் ஏழையைக் குழிக்குள் இறக்கிவிட்டு, அவன் செத்த பிறகு தியாகி என்று மாலை போடுவது தியாகத்துக்குச் செய்யும் மரியாதையா? கொலையை மூடி மறைக்கும் மலர்வளையம் அது! ஆகவே ஆலையிலே பாதுகாப்புக் கருவி கேட்பதை யாரும் கோழைத்தனம் என்று சொல்லவேண்டாம். இயந்திரத்துக்கு வேலி கேட்பவன், உலைக்கு முன்னே நிற்பவனுக்குக் கவசம் கேட்பவன், தொட்டியிலே மனிதன் இறங்கக்கூடாது என்று போராடுபவன், இவர்களெல்லாம் அந்தச் சாப்பர் விரித்த வெள்ளை நாடாவைத்தான் விரிக்கிறார்கள். தோழன் உயிரோடு நடந்துவர வழி குறிக்கிறார்கள்.

ஓசூர்த் தோழனே, கிருஷ்ணகிரித் தோழனே! அல்சூர் ஏரிப்பக்கம் போகும்போது அந்தப் படையின் வாயிலைப் பார். அங்கே தம்பி என்று அழைக்கப்பட்ட ஒருவன், தன் அண்ணன் தம்பிகள் பிழைக்க நான்கு நொடியிலே தன்னைக் கொடுத்தான் என்று உன் பிள்ளைக்குச் சொல். வழியிலே நடுகல் ஒன்றைக் கண்டால் அதையும் காட்டு. அதிலே வில்லோடு நிற்பவனும், மிக்னானோவிலே மண்ணோடு மண்ணாகக் கிடந்தவனும் ஒருவனே என்று சொல்.

மீட்டுப் பட்டான் நம் சுப்பிரமணியன். அவன் மீட்டது உயிர். நாம் மீட்க வேண்டியவர்கள் இன்னும் குழிக்குள்ளே இருக்கிறார்கள்.